மாமல்லைக் கடலோரம்: இருவருக்கு ஒரு வரலாற்று நடை



நம் இல்லங்களில் 'வெளியூர் போகிறோம்' என்றால் அதற்குப் பெரும்பாலும் மூன்றே பொருள். ஒன்று, உறவினர் வீட்டுத் திருமணம். இரண்டு, மருத்துவமனை. மூன்று, வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, இருபது பேர் நெருக்கியடித்து அமர்ந்து, நான்கே நாட்களில் பதினான்கு ஊர்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும் சுற்றுலா. இம்மூன்றிலும் இல்லத்தரசிக்கு ஓய்வில்லை. திருமண வீட்டில் அவர் பரிமாறுவார். மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பார். வேன் பயணத்தில் புளிச்சோற்றுப் பாத்திரத்திற்கும் அழுகின்ற குழந்தைக்கும் அவரே பொறுப்பு.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பு, உறவினர் வீடுகளுக்குச் சென்று நலம் விசாரிப்பதிலும், வீட்டு வேலைக்குக் கொத்தனாரைத் தேடுவதிலும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் காத்திருப்பதிலும் கரைந்துவிடுகிறது. மனைவியோடு தனியே அமர்ந்து ஒரு முழுநாள் பேசியது உண்டா என்று கேட்டால், பலரிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்ட மூத்த தம்பதியரின் கதையும் இதுதான். நேரம் இருக்கிறது, ஒருவரோடொருவர் அதைச் செலவிடும் பழக்கம் இல்லை.

அத்தகையோர்க்காகவே இக்கட்டுரை. கணவன் மனைவி இருவர் மட்டும்; இரண்டு இரவுகள்; தங்குவதற்கு ஒரே ஊர்; பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றுதல்; காண்பதோ ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு. இதுவே திட்டம். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் சகோதரிகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்கள் தாம் படித்ததைக் கண்ணாரக் காணவும், கணவருக்கு எடுத்துச் சொல்லவும் ஒரு வாய்ப்பு வேண்டாமா?

ஏன் இந்த ஊர்?

வரலாற்றுச் சின்னங்கள் நிறைந்த ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பேருந்திலும் ஆட்டோவிலும் அலைய வேண்டிய ஊர்கள். மாமல்லபுரம் அப்படியன்று. பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் புகழ்பெற்ற 'அர்ச்சுனன் தபசு' பாறைச் சிற்பம். அதன் பின்னே குன்று. கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குள் கடற்கரைக் கோயில். தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் ஐந்து ரதங்கள். ஆக, 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற சின்னங்களில் பெரும்பாலானவற்றை, வாகனமே இல்லாமல் இருவர் நடந்து கண்டுவிடலாம்.

வேகமாகப் போனால் கண்ணுக்கு மட்டுமே வேலை. நடந்தால்தான் பேச்சு பிறக்கும். ஊரைச் சுற்றிக் காட்டும் வண்டிக்காரர் தம் அவசரத்தில் நம்மை இறக்குவார், ஏற்றுவார். நடப்பவருக்கோ ஒரு கல்லின் முன் அரைமணி நேரம் நிற்கும் உரிமை உண்டு.

பார்க்கலாமா என்னும் ஐயம்

'அங்கே இருப்பவை சிலைகளும் கோயில்களும் அல்லவா? நாம் ஏன் போக வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். வழிபடச் செல்வது வேறு, வரலாற்றை அறியச் செல்வது வேறு. நாம் குறிப்பிடும் குகைகளும் ரதங்களும் கடற்கரைக் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். ஊரின் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயில் இன்றும் வழிபாடு நடைபெறும் தலம். அதை வெளியிலிருந்து மரியாதையுடன் பார்த்துக் கடந்து செல்வது அழகு.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோர் என்னவானார்கள் என்று சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைப்பதை நாம் அறிவோம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல்லவர், விஜயநகரத்தார், ஆர்க்காட்டு நவாபுகள், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆறு ஆட்சியாளரின் தடயங்கள் இந்த ஒரு கடலோரத்திலேயே கிடக்கின்றன. அவர்களுள் நம் சமுதாயத்தவரும் உண்டு. இந்நாட்டு வரலாறு ஏதோ பிறருடையது என எண்ணிப் பாடநூலை மூடிவைக்கும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் முதலில் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டிய செய்தி இது.

முதல் நாள்: செங்கல்பட்டு

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் விரைவு ரயில்கள் பல செங்கல்பட்டில் நிற்கின்றன. சென்னை அன்பர்களுக்கோ மின்சார ரயில் இருக்கிறது. ஆகவே பயணத்தை இங்கிருந்து தொடங்குவதே முறை. செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்த இடம் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர் பெற்று, அதுவே செங்கல்பட்டாக மருவியது என்பர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் இது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

ரயிலில் வரும்போதே கொளவாய் ஏரி உங்கள் கண்களை நிறைக்கும். அழகுக்காக மட்டும் அதைப் பார்க்காதீர்கள். அது ஒரு காலத்தில் அரணாக விளங்கிய நீர். 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், அவ்வரச மரபினர் தெற்கே நகர்ந்து ஆண்ட காலத்தில் எழுந்தது செங்கல்பட்டுக் கோட்டை. ஏரியும் சதுப்பும் அதற்கு இயற்கைக் காவல். இன்று அக்கோட்டையின் பெரும்பகுதி இல்லை. இருப்புப்பாதை அதை ஊடறுத்துச் செல்கிறது. எஞ்சியுள்ள சுவர்த் துண்டுகளை மட்டுமே காணலாம்.

கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாவிட்டாலும், இந்த இடத்தில் நின்று நினைக்க வேண்டிய செய்திகள் பெரியவை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாஹிபும் முஹம்மது அலீயும் போட்டியிட்டபோது, ஒருவர் பின்னே பிரெஞ்சுக்காரரும் மற்றவர் பின்னே ஆங்கிலேயரும் நின்றனர். அப்போரில் பிரெஞ்சுத் தரப்பின் கையிலிருந்த இக்கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். வெற்றி பெற்ற முஹம்மது அலீ தமக்கு உதவிய ஆங்கிலக் கம்பெனிக்கு 1763ஆம் ஆண்டு செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக வழங்கினார். சென்னைக் கோட்டையைச் சுற்றிச் சிறிது நிலமே வைத்திருந்த ஒரு வணிகக் கம்பெனி, நிலவரி வாங்கும் அரசாக மாறிய படிகளுள் இது முக்கியமானது. தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை இச்சீமையின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். இரு சகோதரர் சண்டையில் மூன்றாமவர் வீட்டுக்குள் வந்த கதையை நாம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். செங்கல்பட்டில் அதை நாட்டளவில் பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1780ஆம் ஆண்டு செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலீயும் திப்பு சுல்தானும் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை முறியடித்தனர். அச்செய்தி எட்டியதும், காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ தம் படையுடன் செங்கல்பட்டு வழியாகவே சென்னைக்குப் பின்வாங்கினார். நீங்கள் தேநீர் அருந்த நிற்கும் சாலை அந்த ஓட்டத்தைப் பார்த்த சாலை.

இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பேருந்துகள் செல்கின்றன. திருக்கழுக்குன்றத்து மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழஞ்சின்னங்களில் பெயர் கிறுக்கும் வழக்கம் நம் இளைஞர்கள் கண்டுபிடித்ததன்று என்பது தெரிகிறது. ஆனால் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை!

நண்பகலுக்குள் மாமல்லை சேர்ந்துவிடலாம். அறை எடுத்து, உணவுண்டு, தொழுது, உறங்குங்கள். மாலையில் கடற்கரையில் அமர்ந்திருந்தால் போதும். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் பேராசை பயணத்தைக் கெடுக்கும்.

இரண்டாம் நாள் காலை: குன்றைச் சுற்றி

சுப்ஹுத் தொழுதவுடன் புறப்படுங்கள். இவ்வூரின் வெயில் கருங்கல்லில் பட்டு இரட்டிப்பாகும். காலை ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். அதிகாலையில் கூட்டமும் இராது.

முதலில் மேற்கு ராஜ வீதியில் அர்ச்சுனன் தபசின் முன் நில்லுங்கள். அருகருகே உள்ள இரு பெரும் பாறைகளில் ஏறத்தாழ 96 அடி நீளத்திற்கும் 43 அடி உயரத்திற்கும் செதுக்கப்பட்ட ஒரே காட்சி. இது எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆயுதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்பது ஒன்று. ஆகாய கங்கையைப் பூமிக்குக் கொண்டுவர பகீரதன் செய்த தவம் என்பது மற்றொன்று. இங்கே உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். கணவர் அர்ச்சுனன் பக்கம் வாதாடட்டும். மனைவியார் பகீரதன் பக்கம் வாதாடட்டும். சான்றுகளைப் பாறையிலேயே தேடுங்கள். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியவர் யார்? நடுவேயுள்ள பிளவில் நாகங்கள் மேல்நோக்கி வருவது ஏன்? அப்பிளவு வழியே மேலிருந்து நீர் விழச் செய்தார்களா? அரைமணி நேரத்தில் உங்கள் இருவருக்கும் வரலாற்றாய்வு எப்படி நடைபெறுகிறது என்பது விளங்கிவிடும்.

சிறியவற்றையும் விட்டுவிடாதீர்கள். தவசியைப் போல் முன்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையும், அதை நம்பி நிற்கும் எலிகளும் உள்ளன. போலிப் பக்திக்கு இதைவிட நல்ல கேலி உண்டா? பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்றும் இருக்கிறது. சிற்பி காட்டில் நின்று கண்டதைக் கல்லில் வைத்திருக்கிறான்.

அங்கிருந்து வடக்கே நடந்தால், சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பெரும் உருண்டைப் பாறை. 'வெண்ணெய் உருண்டை' என்பர். ஏறத்தாழ 250 டன் எடையுள்ளது. 1908ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கொண்டு இதை நகர்த்த முயன்று தோற்றார் என்று சொல்லப்படுகிறது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது இதன் முன் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் உலகெங்கும் பரவியது.

பின்னர் குன்றின்மேல் ஏறித் தெற்கு நோக்கி நடங்கள். வராகக் குகை, முடிவுபெறாத ராயர் கோபுரம் எனப் பார்த்துக்கொண்டே கலங்கரை விளக்கத்தை அடையலாம். அதன் அருகிலேயே பல்லவர் காலத்து ஓலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. தனிக் கோபுரம் எழுவதற்குமுன், இக்கோயிலின் கூரையிலேதான் கப்பல்களுக்கு விளக்கேற்றினார்கள்.

இக்குன்றில் என் மனத்தைக் கவர்ந்தவை முழுமை பெற்ற சிற்பங்கள் அல்ல, பாதியில் நின்றவை. வேலை நடந்த முறையைக் காட்டுபவை அவையே. பாறையில் வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு அடித்துப் பிளந்த அடையாளங்களைத் தேடிப் பாருங்கள். சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சதுரம் சதுரமாகக் கொத்தி உள்ளே சென்றிருப்பதையும் காணலாம். மன்னர் பெயர் நூல்களில் இருக்கிறது. கூலிக்கு உளி பிடித்தவரின் கை இங்கே இருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை: ரதங்களும் கடற்கரையும்

நண்பகலில் அறைக்குத் திரும்பி லுஹர் தொழுது, ஓய்வெடுத்து, அஸருக்குப் பின் மீண்டும் புறப்படலாம். ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே நாளில் ஒரே நுழைவுச்சீட்டு செல்லும். ஆகவே சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்க. இரண்டையும் ஒரே மாலையில் முடிப்பதே சிக்கனம்.

ஐந்து ரதங்கள் கட்டப்பட்டவை அல்ல. ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தவை. கொத்தனார் அடித்தளத்திலிருந்து மேலே செல்வார். இவர்களோ உச்சியிலிருந்து கீழே வந்தார்கள். மேலே ஒரு தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. தருமராஜ ரதத்தின் மேற்பகுதி முழுமை பெற்றிருக்க, கீழ்ப்பகுதி முரடாக நிற்பதைக் கண்டால் இது புரியும். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்து மக்கள் வைத்தவை. ஒன்று குடிசை போலவும், ஒன்று நீண்ட கூண்டு வண்டியின் கூரை போலவும் இருப்பதைக் கவனியுங்கள். அக்காலத்து மரத்தாலும் ஓலையாலுமான கட்டடங்கள் அழிந்துவிட்டன. அவற்றின் வடிவம் மட்டும் கல்லில் மாட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது.

இவற்றைச் செய்வித்தவர் யார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன் தொடங்கி, பின்வந்தோர் தொடர்ந்தனர் என்பது பலர் கொள்கை. எல்லாமே இராஜசிம்மன் பணி என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962ஆம் ஆண்டு வாதிட்டார்.

கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் காலத்தில் கற்களை அடுக்கிக் கட்டியது. குடைவதிலிருந்து கட்டுவதற்குத் தமிழகம் மாறியதை இரண்டு கிலோமீட்டர் நடையில் கண்டுவிடுகிறோம். உப்புக் காற்று சிற்பங்களின் முகங்களைத் தேய்த்துவிட்டது. அலைகளைத் தடுக்கப் பாறைகளை அடுக்கியும், காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டும் காத்துவருகிறார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, மணல் அடித்துச் செல்லப்பட்டுப் புதைந்திருந்த சிற்பங்கள் சில வெளிப்பட்டன. அதையடுத்து, வடக்கே சாளுவன்குப்பத்தில் 2005ஆம் ஆண்டு அகழ்ந்தபோது பழமையான முருகன் கோயிலொன்றின் அடித்தளம் கிடைத்தது. பல உயிர்களைக் கொண்டுபோன அதே கடல்தான் புதைந்த வரலாற்றையும் திறந்துகாட்டியது.

மூன்றாம் நாள்: சதுரங்கப்பட்டினம்

மாமல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியுள்ள சிற்றூர். ஆங்கிலேயர் இதைச் 'சத்ராஸ்' என்றனர். இங்கே டச்சுக்காரர் கோட்டை ஒன்று செங்கல் சுவர்களுடன் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மாமல்லைக்கு வருவோரில் நூற்றுக்கு ஒருவர் இங்கு வந்தாலே அதிகம். ஆகவே அமைதியாக நடந்து பார்க்கலாம்.

இவர்கள் ஏன் இங்கு வந்தார்கள்? துணிக்காக. இப்பகுதி நெசவாளர்களின் மெல்லிய துணியை வாங்கிக் கிழக்கே இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, அங்கே ஜாதிக்காய், கிராம்பு, மிளகு ஆகியவற்றுக்கு மாற்றி, அவற்றை ஐரோப்பாவில் விற்றார்கள். இந்தக் கடற்கரையை அரபு எழுத்தாளர்கள் மஅபர் என அழைத்தனர். நம் மரைக்காயர் வணிகரும் நெடுங்காலம் துணியேற்றிக் கலம் செலுத்திய கடல் இது. டச்சுக்காரர் அந்த வணிகத்தில் துப்பாக்கியோடு வந்து சேர்ந்த பங்காளிகள்.

கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. கப்பல்களும் குலச்சின்னங்களும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்பலகைகள். அவற்றில் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆண்டுகளைப் படிக்கலாம். ஒரு கிழங்கின் விலைக்கும் ஒரு கிராம்பின் விலைக்கும் இடையிலிருந்த இலாபத்தைத் தேடி, பல மாதக் கடற்பயணம் செய்து வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே மண்ணானவர்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த வாசகர் இக்கற்களின் முன் சற்று அதிக நேரம் நிற்பார் என்று எண்ணுகிறேன். பொருள் தேடிப் புறப்பட்டவன் எதை விட்டுச் சென்றான், எதைப் பெற்றான் என்னும் கணக்கை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

1781ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று இதன் எதிரே கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் மோதினர். சஃப்ரன் ஹைதர் அலீக்குத் துணையாக வந்தவர். கோட்டைச் சுவரில் சாய்ந்து, கடலைப் பார்த்தபடி அந்தக் கப்பல்களைக் கற்பனை செய்து பாருங்கள். இந்தக் கரையிலும் 1824ஆம் ஆண்டு ஆங்கில - டச்சு உடன்படிக்கையோடு டச்சுக் கொடி நிலையாக இறங்கியது.

திரும்பும் வழி

செங்கல்பட்டில் ரயில் பிடிப்போர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே சென்றுவிடலாம். சென்னைக்குச் செல்வோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தில் இறங்குவது நலம். ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயரால் இது ஒரு காலத்தில் 'சஆதத் பந்தர்' என வழங்கிற்று. பந்தர் என்றால் துறைமுகம். நவாபின் கோட்டை இங்கிருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் தந்திரத்தால் அதைப் பிடித்தனர். 1752இல் கிளைவ் மீட்டார். இதை முடித்துக்கொண்டுதான் அவர் முதல்நாள் நாம் பார்த்த செங்கல்பட்டுக் கோட்டைக்குச் சென்றார். இப்போது உங்கள் மனத்தில் அந்தப் போரின் வரைபடம் முழுமையாகிவிடும். நபித்தோழர் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் தர்காவும் கோவளத்தில் உள்ளது. இங்கே பள்ளிவாசலும் உண்டு.

'அப்படியானால் ஆலம்பரையையும் பார்த்துவிடலாமே' என்று வரலாற்று ஆர்வலர் கேட்பார். மாமல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், கடப்பாக்கம் அருகே உள்ள நவாப் தோஸ்த் அலீ கான் காலத்துக் கோட்டை அது. நாணயச் சாலை இருந்த இடம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. காண வேண்டிய இடமே. ஆனால் இப்பயணத்தில் வேண்டாம். அதற்கென ஒரு நாள் ஒதுக்கி மறுமுறை வாருங்கள். விட்டுவைத்த ஓர் இடம் இருந்தால்தான் அடுத்த பயணம் உறுதிப்படும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

பருவம்: டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்றது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் முதல் கடும் வெயில். ஞாயிற்றுக்கிழமையையும் காணும் பொங்கல் நாளையும் தவிர்த்துவிடுங்கள். அந்நாட்களில் நடக்கவே இடமிராது.

உடை, காலணி: வழுக்காத ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியே குன்றுக்கு ஏற்றது. சகோதரிகள் கனமான கறுப்புப் புர்காவைவிட, வெளிர்நிறப் பருத்தியில் தளர்வான ஆடை கொண்டுவருவது உடலுக்கு நல்லது. தண்ணீர், குடை மறவாதீர்கள்.

தங்குமிடம்: ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியும் பலதரப்பட்ட விடுதிகள் உள்ளன. இருவரின் அடையாள அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

தொழுகை: சென்னையிலிருந்து மாமல்லை ஏறத்தாழ 55 கிலோமீட்டரே. இது கஸ்ருக்குரிய பயணத் தொலைவை எட்டாது. ஆகவே சென்னை அன்பர்கள் முழுமையாகவே தொழ வேண்டும். தொலைதூர மாவட்டத்தார் தத்தம் மத்ஹபின் சட்டத்தைப் புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டறிந்து கொள்க.

உணவு: மீனவர் ஊர் என்பதால் நல்ல மீன் கிடைக்கும். சைவ உணவகங்களும் உண்டு. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வராதீர்கள். மூன்று நாட்களாவது அம்மையார் அடுப்பை மறக்கட்டும்.

கடல்: இங்கே நீரோட்டம் வலியது. கரையில் நின்று காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, திட்டத்தை இருவரும் சேர்ந்து போடுங்கள். கணவர் சீட்டு எடுத்து, மனைவியார் பின்தொடரும் பயணமாக இது ஆகிவிடக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம், ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். எந்தக் கல்லின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவரும் சொல்லட்டும். கைப்பேசியில் படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டு, சிறு குறிப்பேடு ஒன்றில் நாளுக்கு ஒரு பக்கம் இருவரும் எழுதுங்கள். நாளை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

செலவு அதிகமில்லை, தொலைவும் அதிகமில்லை. தேவைப்படுவது மூன்று நாட்கள் மட்டுமே. பல்லவனின் சிற்பிக்கு ஒரு ரதத்தை முடிக்க நேரம் கிடைக்கவில்லை. சத்ராஸின் வணிகனுக்கு ஊர் திரும்ப நேரம் கிடைக்கவில்லை. நமக்கு அல்லாஹ் அளித்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கை, நம் வாழ்க்கைத் துணைக்கென ஒதுக்கிவைப்போமாக! வஸ்ஸலாம்.